ஆளுநரான மனநல மருத்துவர்: மேரி பஷீர் அம்மையாரின் வாழ்வும் திருச்சபைக்கு அதன் பொருளும்

முன்னுரை

ஆட்சியாளர் மனநலம் குன்றிய வரலாறுகள் திருமறையில் உள்ளன. சவுல் அரசன் கலங்கிய உள்ளத்தினனாய் வாடியபோது, தாவீதின் சுரமண்டலமே அவனுக்கு ஆறுதல் அளித்தது (1 சாமுவேல் 16). பாபிலோனின் நேபுகாத்நேச்சார் தன் அரண்மனையின்மேல் உலாவித் தன் பெருமையைப் பேசிய வேளையிலேயே அறிவிழந்து, மனிதரினின்று தள்ளுண்டு, விலங்குகளோடு வாழ்ந்தான் (தானியேல் 4). ஆனால், மனநோயாளரின் அருகில் அமர்ந்து வாழ்நாளைக் கழித்த ஒருவர் ஆட்சிப்பீடத்திற்கு அழைக்கப்பட்ட வரலாறு மிக அரிது. அத்தகைய அரிய நிகழ்ச்சி ஒன்று நம் காலத்தில் நடந்தது. 2001ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஆளுநராக மனநல மருத்துவப் பேராசிரியர் மேரி பஷீர் அம்மையார் பதவி ஏற்றார். 2014ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வரை பதின்மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அப்பொறுப்பை வகித்தார்.

அவருடைய வாழ்க்கையைச் சாதனைப் பட்டியலாக வரைவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆளுகை என்பது யாது, அது யாருக்காக, எளியவர்மேல் அதற்குள்ள காப்பாளர் பொறுப்பு எத்தகையது என்னும் வினாக்களை அவருடைய வாழ்வு எழுப்புகிறது. இவ்வினாக்கள் அரசுக்கு மட்டும் உரியவை அல்ல. மேய்ப்பர் பணியை ஏற்றிருக்கும் நமக்கும் உரியவை.

1. ஆளுநர் பதவியும் மனநோயாளரும்

மேரி பஷீர் அம்மையார் அமர்ந்த பதவிக்கும் மனநோயாளருக்கும் உள்ள தொடர்பு அவரால் தொடங்கியதன்று; அது அப்பதவியைப் போலவே பழைமையானது. இங்கிலாந்தின் பழஞ்சட்டக் கோட்பாட்டின்படி, தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாதவரின் காப்பாளர் அரசரே. பித்தர் என்றும் அறிவிலிகள் என்றும் அக்காலச் சட்டங்கள் பெயரிட்ட மக்களின் உடலும் உடைமையும் அரசரின் காவலில் இருந்தன. நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தின் முதல் ஆளுநராக ஆர்தர் பிலிப் அமர்த்தப்பட்டபோது, 1787ஆம் ஆண்டில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் இக்காவற்பொறுப்பையும் அவரிடம் ஒப்படைத்தார். ஆகவே, அம்மாநிலத்தின் ஆளுநர் தொடக்கம் முதலே மனநோயாளரின் சட்டமுறைக் காப்பாளராக விளங்கினார்.

இங்கே வரலாறு வியக்கத்தக்க ஒரு முரணைக் காட்டுகிறது. 1788ஆம் ஆண்டு சனவரியில் பதினொரு கப்பல்கள் கைதிகளையும் காவலரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியக் கரையை அடைந்தன. அதே ஆண்டின் இறுதி மாதங்களில், எந்த மன்னரின் பெயரால் அக்குடியேற்றம் நிறுவப்பட்டதோ அந்த மன்னரே மனநிலை பிறழ்ந்தார். அவருக்கு மருத்துவம் செய்ய வரவழைக்கப்பட்ட பிரான்சிஸ் வில்லிஸ், மருத்துவராக மட்டுமன்றி ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருவாகவும் இருந்தார் என்பது நம் கவனத்திற்குரியது. அவருடைய மருத்துவ முறையில் கட்டுச்சட்டைக்கும் இடமிருந்தது. பேரரசின் தலைவர் தம் அரண்மனையிலேயே கட்டுண்டு கிடந்தார். மனநோய் ஏழை, செல்வர் என்று பார்ப்பதில்லை என்பதற்கும், அக்காலத்தில் அந்நோய்க்கு அறியப்பட்ட மருந்து பெரும்பாலும் கட்டுதலே என்பதற்கும் இதனினும் பெரிய சான்று வேண்டியதில்லை.

மன்னர் 1789ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தெளிவு பெற்றார். ஆயினும் பிற்காலத்தில் நோய் மீண்டும் முற்றியதால், 1811இல் அவருடைய மகன் பதிலாளாக ஆட்சியை ஏற்றார். அதே 1811இல் நியூ சவுத் வேல்ஸின் ஆளுநர் லாக்லன் மக்குவாரி, காசில் ஹில் என்னுமிடத்தில் ஆஸ்திரேலியாவின் முதல் மனநோயாளர் காப்பகத்தை அமைத்தார்.

இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. அதே மன்னரின் காலத்தில் சென்னையும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் ஆளுநரால் ஆளப்பட்டது. 1794ஆம் ஆண்டில் வாலன்டைன் கனோலி என்னும் அறுவை மருத்துவர் சென்னையில் மனநோயாளருக்கென ஓர் இல்லம் அமைத்தார். கும்பினி அரசு அதனை வாடகைக்கு எடுத்துக்கொண்டது. பின்னர் 1871ஆம் ஆண்டில் கீழ்ப்பாக்கத்தில் இருந்த லோகாக் தோட்டத்தில் அரசு மனநோயாளர் காப்பகம் நிறுவப்பட்டது. இன்று மனநலக் கழகம் என்னும் பெயரில் நாம் அறிந்திருப்பது அதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூ சவுத் வேல்ஸின் குதிரைகள் கப்பலேறிச் சென்னைக் கரையில் வந்திறங்கின. அம்மாநிலத்தின் பெயராலேயே அவை வேலர்க் குதிரைகள் என அழைக்கப்பட்டன. வாணிகம் இரு கரைகளையும் இணைத்ததுபோல், மனநோயாளரை மதிலுக்குள் அடைக்கும் ஆட்சிமுறையும் இரு கரைகளுக்கும் பொதுவாக இருந்தது.

இக்காப்பகங்களை அமைத்தோர் யாவரும் கொடியவர் அல்லர். தெருவில் அலைந்தவருக்கும் சிறையில் வாடியவருக்கும் கூரையும் உணவும் கிடைக்க வேண்டும் என்னும் இரக்கமும் அவர்களிடம் இருந்தது. ஆயினும் காவல் என்னும் சொல், காத்தல் என்னும் பொருளைவிட அடைத்தல் என்னும் பொருளையே நாளடைவில் பெற்றது. நோயாளியின் உடைமையைப் பற்றியும், பொதுமக்களின் அமைதியைப் பற்றியும் சட்டம் கவலை கொண்டது. நோயாளி என்ன சொல்கிறார் என்பதைக் கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. இப்பின்னணியில்தான் மேரி பஷீர் அம்மையாரின் வாழ்வை நோக்க வேண்டும்.

2. புலம்பெயர்ந்தோரின் மகள்

மேரி பஷீர் 1930ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் நியூ சவுத் வேல்ஸின் ரிவெரினா பகுதியிலுள்ள நரண்டேரா என்னும் சிற்றூரில் பிறந்தார். மர்ரம்பிட்ஜி ஆற்றங்கரையில் அமைந்த அவ்வூர் விராஜுரி என்னும் தொல்குடி மக்களின் நிலமாகும். அவருடைய குடும்பம் லெபனான் வழிவந்தது. லெபனானின் கேதுரு மரங்களைத் திருமறை வாயிலாக நாம் அறிவோம். அம்மலைநாட்டிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதலாகப் பலர் கடல் கடந்து ஆஸ்திரேலியாவில் குடியேறி, சிற்றூர்களில் தலைச்சுமை வணிகராகவும் கடைக்காரராகவும் வாழ்வைத் தொடங்கினர்.

அவர்களுக்கு அந்நாடு அளித்த வரவேற்பு இனியதாக இல்லை. 1901ஆம் ஆண்டில் புதிய ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. வெள்ளையர் அல்லாதாரை விலக்கிவைப்பதே அதன் உட்கருத்து. அக்காலத்தில் சிரியர் என்று அழைக்கப்பட்ட லெபனானியர், ஆசியர் என்னும் வகுப்பில் சேர்க்கப்பட்டுக் குடியுரிமைக்கும் நிலவுரிமைக்கும் தடைகளைச் சந்தித்தனர். அச்சட்டம் இயற்றப்பட்டு நூறு ஆண்டுகள் நிறைவுற்ற 2001ஆம் ஆண்டிலேயே, அம்மக்களின் வழிவந்த ஒரு பெண் அரசியின் பெயராளராகப் பதவியேற்றார். ஆஸ்திரேலிய மாநிலம் ஒன்றின் ஆளுநராக லெபனான் வழிவந்தவர் ஒருவர் அமர்ந்தது அதுவே முதன்முறை. நியூ சவுத் வேல்ஸின் ஆளுநராகப் பெண் ஒருவர் அமர்ந்ததும் அதுவே முதன்முறை.

சிட்னி மகளிர் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற மேரி, இசைக்கல்லூரியில் வயலினும் கற்றார். இசையா மருத்துவமா என்னும் நிலையில் அவர் மருத்துவத்தைத் தெரிந்துகொண்டு, 1956ஆம் ஆண்டில் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். மறு ஆண்டில் ரக்பி ஆட்டத்தில் புகழ்பெற்றிருந்த நிக்கலஸ் ஷெஹாடி என்பாரை மணந்தார். அவரும் லெபனான் வழிவந்தவரே. 1973 முதல் 1975 வரை சிட்னி மாநகரின் மேயராகப் பணியாற்றியவர். மேரி சில ஆண்டுகள் பொது மருத்துவராகப் பணிபுரிந்து, மூன்று பிள்ளைகளையும் வளர்த்த பின்னரே மனநல மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றார். உடல்நோய்க்கென வரும் மக்களை ஆண்டுக்கணக்கில் கண்டறிந்த பின்னர் அவர் மனநோய்த் துறைக்கு வந்தார் என்பது கருதத்தக்கது.

3. மதிலுக்கு வெளியே மருத்துவம்

1977ஆம் ஆண்டில் சிட்னியின் கான்கார்டு பகுதியில், பரமட்டா ஆற்றங்கரையில் இருந்த பழைய நலம்பேணும் இல்லம் ஒன்றில் ரிவெண்டெல் என்னும் மனநல நிலையம் தொடங்கப்பட்டது. சிறுவர், வளரிளம் பருவத்தினர், அவர்தம் குடும்பத்தினர் ஆகியோருக்கான அந்நிலையத்தின் முதல் இயக்குநராக மேரி பஷீர் அமர்ந்தார். அதனோடு ஒரு பள்ளியும் இணைந்திருந்தது. நோயுற்ற இளைஞன் தன் கல்வியினின்றும் குடும்பத்தினின்றும் பிரித்தெடுக்கப்பட்டு மதிலுக்குள் அடைக்கப்படாமல், மருத்துவமும் கல்வியும் குடும்ப உறவும் ஒருங்கே பெறுவதற்கு அங்கு வழி இருந்தது.

இம்மாற்றத்தின் பொருளை விளங்கிக்கொள்ள, அம்மாநிலத்தின் மனநலப் பணியின் போக்கை அறிதல் வேண்டும். 1983ஆம் ஆண்டில் வெளியான ரிச்மண்ட் அறிக்கை, பெரிய மனநோய் மருத்துவமனைகளைப் படிப்படியாகக் குறைத்து, நோயாளர் தம் மக்களிடையே வாழ்ந்து மருத்துவம் பெறும் முறையைப் பரிந்துரைத்தது. கொள்கை நன்று, ஆயின் அதற்கேற்ற பணமும் ஆட்களும் வீடுகளும் அளிக்கப்படவில்லை. மருத்துவமனையின் கதவு திறந்தபோது வீட்டின் கதவு திறக்கவில்லை. 1993ஆம் ஆண்டில் மனித உரிமை ஆணையத்தின் சார்பில் வெளியான பர்டிக்கின் அறிக்கை, மனநோயாளர் பலர் தெருவிலும் சிறையிலும் கைவிடப்பட்டுள்ளதை நாட்டிற்கு எடுத்துரைத்தது.

இந்தக் கடினமான காலத்திலேயே, 1987ஆம் ஆண்டில் மத்திய சிட்னிப் பகுதியின் சமூக நல்வாழ்வுப் பணிகளுக்கு மேரி பஷீர் இயக்குநரானார். குழந்தைகள், புலம்பெயர்ந்தோர், தொல்குடியினர், முதியோர் ஆகியோருக்கு அவர் முதலிடம் தந்தார். 1988ஆம் ஆண்டில் சிறுவர் மற்றும் வளரிளம் பருவத்தினர் நல்வாழ்வுக்கான பணிக்கென அவருக்கு ஆஸ்திரேலிய விருது வழங்கப்பட்டது. 1993இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பேராசிரியரானார். 1994இல் மத்திய சிட்னிப் பகுதியின் மனநலப் பணிகள் அனைத்திற்கும் மருத்துவ இயக்குநரானார். குற்றம் புரிந்த சிறாரைப் பற்றி அரசுக்கு ஆலோசனை கூறும் குழுவிலும் பணியாற்றினார்.

4. எண்ணால் அழைக்கப்பட்டவர்கள்

அவருடைய பணியில் மிக ஆழமானதென நாம் கருதுவது, தொல்குடி மக்களிடையே அவர் ஆற்றிய பணியே. சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில் 1971ஆம் ஆண்டில் தொல்குடி மக்கள் தாமே நிறுவித் தாமே நடத்திய மருத்துவ நிலையம், ஆஸ்திரேலியாவில் அவ்வகையில் முதலாவது. 1995ஆம் ஆண்டில் அந்நிலையத்தோடு இணைந்து தொல்குடியினருக்கான மனநலப் பிரிவு ஒன்றை அமைப்பதில் மேரி பஷீர் பங்காற்றினார். மறு ஆண்டில் ரெட்ஃபெர்னிலும், வடகரைப் பகுதியின் கெம்ப்சி நகரிலும் இருந்த தொல்குடி மருத்துவ நிலையங்களுக்கு மூத்த ஆலோசகரானார்.

கெம்ப்சி என்னும் பெயருக்குப் பின்னால் ஒரு துயர வரலாறு உண்டு. 1909ஆம் ஆண்டின் தொல்குடியினர் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1915ஆம் ஆண்டுத் திருத்தமும், நீதிமன்ற விசாரணை இன்றியே தொல்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கும் அதிகாரத்தை அரசு வாரியத்திற்கு அளித்தன. கெம்ப்சிக்கு அருகில் கின்செலா என்னுமிடத்தில் 1924 முதல் 1970 வரை அவ்வாரியம் நடத்திய சிறுவர் இல்லத்தில், பிரித்துக் கொணரப்பட்ட ஆண்பிள்ளைகள் வளர்க்கப்பட்டனர். அங்கே சிறுவர்கள் பெயரால் அன்றி எண்ணால் அழைக்கப்பட்டனர். இச்சட்டத்தின் தலைப்பிலேயே பாதுகாப்பு என்னும் சொல் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. முதல் ஆளுநருக்கு வழங்கப்பட்ட காவற்பொறுப்பு எவ்வாறு அடைத்தலாகத் திரிந்ததோ, அவ்வாறே இப்பாதுகாப்பும் பறித்தலாகத் திரிந்தது.

இதில் திருச்சபையும் பங்குடையது. அம்மாநிலத்தின் பொமடெரி இல்லம் போன்றவை மிஷனரிச் சங்கங்களால் நடத்தப்பட்டவை. நற்செய்தியின் பெயரால் செய்யப்பட்ட அப்பணியில் அன்பும் இருந்தது. ஆயினும் தாயின் அழுகுரலைக் கேளாத அன்பு அது. 1997ஆம் ஆண்டில் வெளியான தேசிய விசாரணை அறிக்கை இப்பிரிவினையின் விளைவுகளை வெளிக்கொணர்ந்தது. 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் தலைமை அமைச்சர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார்.

தலைமுறைகளைக் கடந்து நிற்கும் இத்துயரமே மதுப்பழக்கமாகவும், மனச்சோர்வாகவும், தற்கொலையாகவும், சிறைவாசமாகவும் வெளிப்பட்டது. இதற்கு மருந்துப் புட்டியில் மட்டும் மருந்து இல்லை. தம் குழந்தைகளை அரசு பறித்த கதையைச் சொல்லும் மக்கள், அதே அரசின் மருத்துவரை நம்புவது எளிதன்று. ஆகவே, அரசு மருத்துவமனையில் அமர்ந்து அவர்கள் வருகைக்குக் காத்திராமல், அம்மக்கள் நடத்தும் நிலையத்திற்கே சென்று, அவர்களோடு சேர்ந்து பணிபுரிந்ததே இவ்வம்மையாரின் முறையாக இருந்தது.

5. ஆளுநர் மாளிகையில்

2001ஆம் ஆண்டில், அப்போதைய முதலமைச்சர் பாப் கார் அவர்களின் பரிந்துரையின்பேரில், மேரி பஷீர் நியூ சவுத் வேல்ஸின் 37ஆவது ஆளுநரானார். அப்போது அவருக்கு வயது எழுபது. அரசியல் கட்சிப் பதவி எதையும் வகித்தவர் அல்லர்; படைத்தலைவராகவோ நீதிபதியாகவோ இருந்தவரும் அல்லர்.

ஆஸ்திரேலிய மாநில ஆளுநரின் அதிகாரம், நம் நாட்டு மாநில ஆளுநரைப் போலவே பெரும்பாலும் அமைச்சரவையின் அறிவுரைக்குக் கட்டுப்பட்டது. சட்டங்களுக்கு இசைவளிப்பதும், அமைச்சர்களுக்கு உறுதிமொழி செய்விப்பதும், அறப்பணி நிறுவனங்களுக்குப் புரவலராக இருப்பதும் அவருடைய கடமைகள். மருத்துவமனைக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. ஆகவே, அவர் ஆளுநரானதால் அம்மாநிலத்தின் மனநலப் பணி சீர்பெற்றுவிட்டது என்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அதற்கு அவர் பொறுப்பாளியும் அல்லர்.

எனினும் அதிகாரம் குறைந்த பதவிக்கும் ஒரு வலிமை உண்டு. ஆளுநர் எந்த வாயிலில் நுழைகிறாரோ அவ்வாயில் மதிப்புப் பெறுகிறது. மனநோய் என்றால் வெட்கி மறைக்கும் சமுதாயத்தில், மனநோயாளரின் மருத்துவர் ஒருவரை மாநிலத்தின் முதற்குடிமகளாக அமர்த்தியதே ஓர் அறிக்கை ஆகும். அவருடைய காலத்தில் தொழிற்கட்சியையும் லிபரல் கட்சியையும் சார்ந்த ஆறு முதலமைச்சர்கள் பணியாற்றினர். ஆட்சிகள் மாறின, அவர்மேல் மக்கள் வைத்த மதிப்பு மாறவில்லை. நெடுங்காலம் பதவி வகித்த ஆளுநர்களின் வரிசையில், ரோடன் கட்லர் ஒருவரே அவருக்கு முன் நிற்கிறார். 2007 முதல் 2012 வரை சிட்னிப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் அவர் விளங்கினார்.

1996 முதல் ஆளுநர்கள் அரசு மாளிகையில் குடியிராத நிலை இருந்தது. அதனால், பதவிக்காலத்தின் பெரும்பகுதியில் மாளிகை வாசம் இன்றியே அவர் கடமையாற்றி, 2011ஆம் ஆண்டின் இறுதியிலேயே அங்குக் குடியேறினார். இன்று சிட்னியின் ராயல் பிரின்ஸ் ஆல்ஃபிரட் மருத்துவமனையின் மனநல மருத்துவ மையம் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. முன்னைய ஆளுநர்களின் பெயர்கள் தெருக்களுக்கும் நகரங்களுக்கும் இடப்பட்டன. இவருடைய பெயரோ மனநோயாளர் நுழையும் வாயிலின்மேல் எழுதப்பட்டுள்ளது.

6. நம் நகரின் வரலாறு

இத்தகைய பணிக்கு நம் சென்னையில் இணை இல்லாமல் இல்லை. 1923ஆம் ஆண்டில் மங்களூரில் பிறந்து, சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்ற மருத்துவர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராகப் போற்றப்படுகிறார். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் அரசு மனநோய் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக அவர் பணியாற்றினார். புறநோயாளர் பிரிவையும் மறுவாழ்வுப் பணிகளையும் வளர்த்தார். ஓய்வு பெற்றபின் 1984ஆம் ஆண்டில் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பைச் சென்னையில் நிறுவினார். 1992இல் பத்ம பூஷண் விருது பெற்ற அவர், 2021ஆம் ஆண்டு டிசம்பரில் தம் 98ஆம் வயதில் மறைந்தார். கீழ்ப்பாக்கத்தின் மதில்களுக்குள் அவர் வகித்த பதவியும் ஓர் ஆளுகையே. அடைக்கும் இடம் ஆற்றும் இடமாக மாற வேண்டும் என்பதற்கே அவர் அதனைப் பயன்படுத்தினார்.

நம் திருச்சபைகளின் மருத்துவப் பணியும் இதில் முன்னோடியாக நின்றதுண்டு. 1950ஆம் ஆண்டில் ஸ்டான்லி ஜோன்ஸ் ஐயர் லக்னோவில் நூர் மன்சில் மனநல நிலையத்தைத் தொடங்கினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், கனடா நாட்டு மிஷனரி மருத்துவர் ஃபிளாரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையாரின் முயற்சியால் 1957இல் மனநலப் பணி தொடங்கியது. பாகாயத்தில் உள்ள அம்மையத்தில், நோயாளியோடு அவருடைய உறவினர் ஒருவரும் உடன் தங்குவது வழக்கமாயிற்று. குடும்பத்தை விட்டுப் பிரித்து மருத்துவம் செய்வதன்று, குடும்பத்தையும் மருத்துவத்தில் பங்காளியாக்குவதே அதன் கொள்கை.

ஆயினும், மேரி பஷீர் ஆளுநராகப் பதவியேற்ற அதே 2001ஆம் ஆண்டில், ஆகஸ்டு 6ஆம் நாள், நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் நிகழ்ந்ததை மறத்தல் இயலாது. தனியார் மனநோய்க் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓடித் தப்ப இயலாமல் வெந்து மாண்டனர். இறந்தோர் 28 பேர். ஓரிடத்தில் மனநோயாளரின் மருத்துவர் ஆட்சிப்பீடத்தில். ஓரிடத்தில் மனநோயாளர் சங்கிலியில். இதனை வேறொரு சமயத்தாரின் குறையென்று சுட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நோய் நீங்கும் என்னும் நம்பிக்கையோடு நோயாளரைக் கொண்டுவந்து விடும் இடங்கள் எல்லாச் சமயங்களிலும் உண்டு. நம் ஜெபவீடுகளும் அவற்றுள் அடங்கும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்துள்ளது. எந்தச் சமய நிலையமும் அதற்கு விலக்கன்று.

7. திருச்சபை கற்க வேண்டுவன

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் கதரேனர் நாட்டு மனிதனின் வரலாற்றை நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். அவ்வூரார் அவனுக்குச் செய்தது என்ன? பலமுறை விலங்குகளாலும் சங்கிலிகளாலும் கட்டினார்கள். கட்டு நில்லாதபோது கல்லறைகளிடையே விட்டுவிட்டார்கள். ஆண்டவர் செய்தது என்ன? அவனுடைய பெயரைக் கேட்டார். அவன் தெளிந்தபின், தம்மோடு வர விரும்பியவனை அவன் வீட்டாரிடமே அனுப்பிவைத்தார். பெயர் கேட்பதும் வீடு சேர்ப்பதும் அவ்வதிகாரத்தில் ஒரே பணியின் இரு முனைகளாக உள்ளன. இவ்வரலாறு பேயைப் பற்றியதா நோயைப் பற்றியதா என்னும் வழக்கில் நாம் செலவிட்ட நேரத்தில் சிறு பகுதியையேனும், கட்டியவர் யார், பெயர் கேட்டவர் யார் என்னும் வினாவுக்குச் செலவிட்டோமா?

முதலாவது, செவிகொடுத்தல் ஊழியத்தின் முன்னுரை அன்று, அதுவே ஊழியம். கெம்ப்சியில் எண்ணால் அழைக்கப்பட்டு வளர்ந்தோரின் ஊரில் ஒரு மருத்துவர் சென்று அமர்ந்தாரெனில், நம் சபைகளில் பைத்தியம் என்னும் ஒரே சொல்லால் அழைக்கப்படுவோரின் இயற்பெயரை ஆயர் அறிந்திருக்க வேண்டாமா? ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில், துறைமுகத்திலும் ஆலைகளிலும் சாத்தாங்காட்டின் இரும்புச் சந்தையிலும் உழைக்கும் குடும்பங்களில், நோயுற்ற ஒருவர் உள்ளறையில் இருப்பதை மறைத்தே பிறரோடு பழகும் வீடுகள் உண்டு. ஆயர் வருகிறார் என்றால் உள்ளறைக் கதவு சாத்தப்படுகிறது. அக்கதவு திறக்கும் அளவுக்கு நம்பிக்கை பெறுவதே அங்கு முதல் அருட்பணி.

இரண்டாவது, ஜெபமும் மருத்துவமும் பகையல்ல. மருந்தை நிறுத்தினால்தான் விசுவாசம் மெய்ப்படும் என்று போதிப்பது நோயாளிக்கும் குடும்பத்துக்கும் செய்யும் தீங்கு. அரசு ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவும் கீழ்ப்பாக்கம் மனநலக் கழகமும் வடசென்னை மக்களுக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன. அங்கு அழைத்துச் செல்வதும், மருந்து தொடர்கிறதா என வினவுவதும், ஜெபிப்பதும் ஒரே அன்பின் செயல்களே. தற்கொலையால் இறந்தோரின் அடக்க ஆராதனையில் தயக்கம் காட்டிய பழைய வழக்கத்தையும் இவ்வொளியில் நாம் மறு ஆய்வு செய்தல் வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு உள்ளானவராகவே கொள்ள வேண்டும் எனச் சட்டமே கூறும்போது, கிருபையைப் போதிக்கும் சபை சட்டத்தினும் கடுமையாய் இருத்தல் தகாது.

மூன்றாவது, காப்பாளர் பொறுப்பு எளிதில் திரியும். மன்னரின் காவல் அடைத்தலாயிற்று. வாரியத்தின் பாதுகாப்பு பறித்தலாயிற்று. மிஷனரியின் அன்பும் தாயின் குரலைக் கேளாதிருந்தது. நாம் மேய்ப்பர் எனப்படுகிறோம். நமக்குக் கீழுள்ளோர் பேசுவதை நாம் கேளாத நாளில், நம் மேய்ப்பும் அவ்வாறே திரியும். இறையியல் கல்லூரிகளில் ஆயர் பயிற்சி பெறுவோர், போதிக்கக் கற்பதற்கு ஆண்டுகள் பல செலவிடுகின்றனர். மனநல மருத்துவமனையின் பிரிவுகளில் மேற்பார்வையோடு கூடிய பயிற்சி, ஒவ்வொரு மாணவருக்கும் கட்டாயமாதல் நன்று. அங்கு நோயாளியின் படுக்கையருகே பேசாமல் அமர்ந்திருக்கக் கற்பது, பிரசங்க மேடையில் பெறவியலாத பாடமாகும்.

முடிவுரை

1787ஆம் ஆண்டில் நியூ சவுத் வேல்ஸின் ஆளுநரிடம் மனநோயாளரின் காவல் ஒப்படைக்கப்பட்டது. இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் அப்பதவி, அவர்களோடு வாழ்நாளைக் கழித்த ஒருவரைத் தேடி வந்தது. மேரி பஷீர் அம்மையார் எழுபதாம் வயதில் ஆளுநரானதால் பெருமை பெற்றார் என்பதைவிட, அதற்கு முன் நாற்பத்தைந்து ஆண்டுக்காலம் மருத்துவராக வாழ்ந்த வாழ்வினால் அப்பதவி தன் பழைய கடமையை மீண்டும் நினைவுகூர்ந்தது என்பதே பொருத்தமாகும்.

நம் சபை ஒவ்வொன்றிலும் ஞாயிறு ஆராதனைக்கு வாராத ஒருவர் இருக்கிறார். அவருடைய பெயர் சபைப் பதிவேட்டில் உண்டு. எவர் நாவிலும் இல்லை. இந்த வாரச் சந்திப்பில் அவ்வீட்டுக்கு முதலிடம் தருவோமாக.